என் பீரோவில் இருந்த வரைவுச் சட்டம்

ஐந்து வருஷம் நான் பஞ்சாயத்து மெம்பராக இருந்தேன். மிடில் அந்தமானில், லாங் ஐலண்டுக்குப் போகிற போட் வழியில் நின்று போகிற சின்னத் தீவு ஒன்றில் எங்கள் வீடு. தீவின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், சொன்னால் யார் யார் என்று தெரிந்துவிடும்.

அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போர்ட் பிளேரில் இருக்கிற ஹேடோவுக்குத் துறைமுக வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது ஹேடோ குவார்ட்டர்ஸில். கல்யாணமான இரண்டாம் வருஷம் என் மனைவிக்கு இந்தத் தீவின் பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டண்ட் வேலை கிடைத்தது. அவள் பின்னாலேயே நானும் வந்து, படகுத்துறைக்குப் போகிற ஜெட்டி ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடை போட்டேன். ஆணி, பெயிண்ட், பைப், நைலான் கயிறு. கடைக்கு வருகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பேன். ஹிந்தி நன்றாக வரும், பெங்காலி ஓரளவு வரும், தெலுங்கு புரியும். யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. அதற்காகத்தான் எனக்கு ஓட்டுப் போட்டார்கள். முடியாது என்று சொல்லத் தெரியாதவனுக்கு உறுதியாக ஆமாம் என்று சொல்லவும் தெரியாது என்பது பிறகுதான் எனக்கே விளங்கியது.

மெம்பரான பிறகு ஊரே என்னை மெம்பர்ஜி என்றது. என் மனைவி மட்டும் வழக்கம்போல "என்னங்க" என்றாள்.

அவளுடைய லேபைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர்தான் லேப். ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றுக்கும் ஒரே அறை. மேலே தகர ஷீட். மழை வந்துவிட்டால் டீச்சர் பேசுவது முதல் பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. கடல் காற்றில் இரும்பு ஸ்டாண்டெல்லாம் துருப்பிடிக்கும் என்று வாரம் ஒருமுறை அவற்றுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவாள். மைக்ராஸ்கோப் லென்ஸில் பூஞ்சை வராமல் இருக்க அதை வறுத்த அரிசி போட்ட டப்பாவில் வைத்து மூடுவாள். அரிசியை மாதாமாதம் மாற்றுவாள். பன்னிரண்டாவதில் ஆர்ட்ஸ் படித்தவள்தான். ஆனால் எந்த உப்பு எந்த பாட்டிலில் இருக்கிறது என்று லேபிள் அழிந்துபோன பிறகும் அவளுக்குத் தெரியும். பிராக்டிகல் பரீட்சைக்குப் பக்கத்துப் பெரிய ஊரான ரங்கத்திலிருந்து போட்டில் வருகிற எக்ஸாமினர் அவளைக் கேட்டுத்தான் சாமான்களை எடுப்பார்.

இனி அந்தச் சட்டம். எங்கள் தீவுகளுக்குச் சட்டசபை கிடையாது. எங்களுக்கான சட்டம் தில்லியில்தான் பிறக்கும். அதில் எங்களைப்போன்ற உள்ளூர்த் தலைவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் மெயின்லேண்ட் பக்கம் கையைக் காட்டிவிடலாம். அப்படியே பழகிப்போன எங்களிடம் ஒருநாள் ஒரு கட்டுக் காகிதம் வந்து சேர்ந்தது. தீவுகளில் சயின்ஸ் படிப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கான புதுச் சட்டத்தின் வரைவு. பதினொன்று, பன்னிரண்டில் சயின்ஸ் நடத்துகிற எந்தப் பள்ளியிலும் மூன்று தனி லேபும் பாடத்துக்கொரு டீச்சரும் இருந்தே ஆக வேண்டும் என்று அதில் இருந்தது. அப்படி இல்லாத பள்ளியில் குறித்த காலத்துக்குப் பிறகு சயின்ஸ் வகுப்பை மூடிவிட்டு, பிள்ளைகளைப் பெரிய ஊர் ஹாஸ்டலுக்கு அனுப்ப வேண்டும் என்றும் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மெம்பர்கள் தங்கள் பகுதியின் கருத்தை எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் பகுதிக்கு மூன்று பேர் கமிட்டி.

கமிட்டித் தலைவர் பெங்காலி. பாக்குத் தோட்டக்காரர். எங்கள் எல்லோருக்கும் தாதா, அதாவது அண்ணன். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து பாடைக்கு மூங்கில் வெட்டுகிற மனிதர். இன்னொருவர் தெலுங்கு பேசுகிற அக்கா, மீன் வியாபாரம். அவருடைய குரல் பாதித் தீவுக்குக் கேட்கும். மூன்றாவது ஆள் நான். மூன்று பேரும் நல்லவர்கள்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தக் காகிதத்தின் முன்னால் மூன்று பேருமே கோழைகளாக இருந்தோம்.

முதல் மீட்டிங்கில் தாதா கண்ணாடியைத் துடைத்து, பக்கங்களைப் புரட்டி, மூடி வைத்தார்.

"இதுக்கு சரின்னு எழுதினா நம்ம ஸ்கூல்ல சயின்ஸ் போயிடும்," என்றார். "வேண்டாம்னு எழுதினா லேப் வேண்டாம்னு சொன்ன ஆளுங்க நாமன்னு பேராயிடும்."

"அப்போ என்ன எழுதலாம், தாதா?" என்று கேட்டேன்.

"மெம்பர்ஜி, நீங்க எழுதுங்க. பாத்துட்டு நான் கையெழுத்துப் போடறேன்."

"நீங்க தலைவர். நீங்க முதல்ல போட்டாத்தான் மரியாதையா இருக்கும்."

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் போட்டா நானும் போடறேன்," என்றார்.

அத்தோடு டீ வந்துவிட்டது.

இரண்டாவது மீட்டிங் அன்று கடல் சரியில்லை, மீட்டிங்குக்குப் போகிற போட் ஓடவில்லை. உண்மையைச் சொன்னால், போட் ஓடவில்லை என்ற செய்தி வந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது மீட்டிங்கில் ஆங்கிலம் புரியவில்லை, ஹிந்தியில் வேண்டும் என்று எழுதிக் கேட்டோம். கேட்டது நான்தான், எனக்கு ஆங்கிலம் புரிந்திருந்தும். ஹிந்தியில் வந்தது. ஆங்கிலத்தைவிட அது கடினமாக இருந்தது. உடனே வக்கீல் யாரிடமாவது கருத்துக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். எந்த வக்கீல், எப்போது என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கட்டு என்னிடமே திரும்பி வந்தது. கடைசியில் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வீட்டு பீரோவில், கம்பளிக்கு அடியில் வைத்தேன். அந்தமானில் கம்பளியை யாரும் எடுக்கப்போவதில்லை.

என் மனைவிக்கு விஷயம் பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்தது. அங்கே கெமிஸ்ட்ரி டீச்சர் ஒரு மலையாளிப் பெண். தன் பாடம் போக, ஆள் இல்லாத ஃபிசிக்ஸையும் அவரே நடத்திக்கொண்டிருந்தார். அவர் இவளிடம் கேட்டிருக்கிறார். ஒருநாள் சாப்பிடும்போது இவள் என்னிடம் கேட்டாள்.

"சயின்ஸ் சட்டம் ஒண்ணு வந்திருக்காமே. என்ன ஆச்சு?"

"போர்ட் பிளேர்ல இருக்கு," என்றேன். போர்ட் பிளேருக்கு இப்போது வேறு பெயர். எங்கள் ஜெட்டியில் அது இன்னும் யார் வாயிலும் நுழையவில்லை.

"டீச்சர் அங்க ஃபோன் பண்ணிக் கேட்டாங்களாம். கமிட்டிகிட்ட இருக்குன்னு சொன்னாங்களாம்."

"கமிட்டின்னா தாதாகிட்ட இருக்கும்."

அவள் ரசத்தை ஊற்றினாள். நம்பினாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து ரேஷன் கார்டைத் தேடும்போது கம்பளியைத் தூக்கியிருக்கிறாள். நான் கடையிலிருந்து வந்தபோது பிளாஸ்டிக் பை கட்டில்மேல் இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பழைய டிக்ஷனரி, பென்சில்.

எனக்குக் கோபம் வந்தது. ஒளித்து வைத்தது நான், கோபமும் எனக்கு. "ஆபீஸ் காகிதத்தை எதுக்கு எடுத்தே?" என்றேன்.

"ஆபீஸ்ல இருந்தா எடுத்திருக்க மாட்டேன்," என்றாள்.

அதற்குமேல் அவள் சண்டை போடவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தினமும் விடியற்காலை சமையலுக்கு முன்னால் இரண்டு இரண்டு பக்கமாகப் படித்தாள். புரியாத வார்த்தைக்குக் கீழே கோடு போட்டு டீச்சரிடம் கேட்டு வந்தாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல ஷேவ் செய்துகொண்டிருப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "கொஞ்சம் ஸ்கூல் வரைக்கும் வாங்க," என்றாள்.

லேபைத் திறந்து உள்ளே கூட்டிப் போனாள். அத்தனை வருஷத்தில் ஓட்டுக் கேட்கவும் கொடியேற்றவும் அந்தப் பள்ளிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். லேபுக்குள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அலமாரி அலமாரியாகக் காட்டினாள். இது இருக்கு, இது இருந்தும் உடைஞ்சிருக்கு, இது வரவே இல்லை. பேலன்ஸ் ஒன்றுதான், எடை போட வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு பீரியடே முடிந்துவிடும். கரண்ட் போனால் பாதிப் பரிசோதனையில் நிறுத்திவிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு வருவார்கள். குறையாகச் சொல்லவில்லை. சமையலறையில் என்ன இருக்கிறது, என்ன வாங்க வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

பிறகு ஒரு டெஸ்ட் டியூபில் எதையோ போட்டு, சொட்டுச் சொட்டாக எதையோ விட்டாள். வெளிர் நீலத் தண்ணீர் கண்முன்னே கலங்கி, இன்னும் கொஞ்சம் விட்டதும் ஆழமான நீலமானது.

"இது காப்பர்," என்றாள். "இதைப் பாக்குறப்போ பிள்ளைங்க முகத்தைப் பாக்கணும். நான் அதுக்காகத்தான் வேலைக்கு வர்றேன்."

நான் டெஸ்ட் டியூபைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தேன்.

"கையெழுத்துப் போட என்ன பயம் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"எப்படி எழுதினாலும் ஒரு பக்கம் கோவிச்சுக்கும். மூடிடுவாங்கன்னு ஒரு பக்கம், லேப் வேண்டாம்னுட்டாங்கன்னு ஒரு பக்கம்."

"அதுல மூணாவதா ஒரு வழி இருக்கு. பதினாலாம் பக்கத்துல, சின்னத் தீவுகளுக்கு வேற ஏற்பாடு தேவைன்னா கமிட்டி எழுதலாம்னு போட்டிருக்கு. நீங்க படிக்கலையா?"

நான் படிக்கவில்லை. ஆறாம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன்.

அதற்குப் பிறகாவது எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. தாதாவுக்கு ஃபோன் செய்தேன். "பார்க்கலாம், ஜி. பாக்குப் பறிப்பு முடியட்டும்," என்றார். எனக்கும் அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

அந்தச் சமயத்தில் பெரிய தலைவர் ஒருவர் எங்கள் தீவுக்கு வந்தார். தில்லியில் எங்களுக்காகப் பேசுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மைதானத்தில் ஷாமியானா போட்டுக் கூட்டம். மேடையில் அவரும் தாதாவும் அக்காவும் நானும். மாலை, இளநீர், பிள்ளைகளின் டான்ஸ் எல்லாம் முடிந்த பிறகு, மக்கள் ஏதாவது கேட்கலாம் என்று அறிவித்தார்கள். வழக்கமாக ஜெட்டி ரிப்பேர், அவசரத்துக்கு ஹெலிகாப்டர் சீட் என்று கேட்பார்கள். அன்றைக்கு நடு வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். அவருடைய புருஷன் டிங்கி என்கிற சின்னப் படகு ஓட்டுகிறவர், என்னிடம் கயிறு வாங்குகிற குடும்பம். மகள் பதினொன்றாவது சயின்ஸ்.

"எங்க ஸ்கூல்ல சயின்ஸ் மூடப் போறாங்கன்னு சொல்றாங்க," என்றார் ஹிந்தியில். "என் பொண்ணு அடுத்த வருஷம் எங்க படிப்பா? யார்கிட்ட கேக்கணும்னு மட்டும் சொல்லுங்க. அங்க போய்க் கேட்டுக்கறேன்."

பெரிய தலைவர் மைக்கை வாங்கினார். சயின்ஸ்தான் நாட்டின் எதிர்காலம் என்று ஆரம்பித்து, சட்டம் தில்லியில் இன்னும் முடிவாகவில்லை, தீவுகளின் கருத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி, மைக்கைப் பக்கத்தில் கொடுத்தார். தாதா எழுந்து, "கருத்துச் சொல்ல கமிட்டி இருக்கு, வேலை நடந்துகொண்டிருக்கு," என்றார். மைக் அக்காவிடம் போனது. ஊருக்கே கேட்கிற குரல்காரர் அன்றைக்கு மெதுவாக, "மெம்பர்ஜி சொல்வார்," என்று என் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு அடுத்து நாற்காலி இல்லை.

நான் எழுந்தேன். "வக்கீல் கருத்து கேட்டிருக்கோம்," என்று சொல்ல வாயைத் திறந்தேன். லேப் வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்திருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்று எனக்காக வெட்கப்பட்டாள்.

"அந்தக் காகிதம் என் வீட்டில் இருக்கு," என்றேன். "ஏழு மாசமா என் பீரோவில் இருக்கு. நாங்க கருத்து எழுதலை. எழுதினா யாராவது கோவிச்சுக்குவீங்கன்னு பயந்து எழுதலை."

நான் பயந்த கோபம் வரவில்லை. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் சிலர். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை.

"சரி," என்றார். "இன்னிக்கு எழுதுவீங்களா?"

"எழுதறேன்," என்றேன். எனக்குத் தெரிந்து நான் பொதுமேடையில் உறுதியாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

பெரிய தலைவர் ரொம்பத் திறமைசாலி. உடனே மைக்கை வாங்கி, இந்த நேர்மைதான் நம் தீவுகளின் பெருமை என்று பாராட்டிவிட்டு, போட்டுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார். தாதாவும் அவரை வழியனுப்ப ஜெட்டிக்குப் போனார். திரும்ப வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் லேபில் உட்கார்ந்தோம். நான் சொல்லச் சொல்ல டீச்சர் ஆங்கிலத்தில் எழுதினார், என் மனைவி நடுநடுவே திருத்தினாள். அந்தப் பெண்ணும் வேறு சில பெற்றோரும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள். சட்டம் வேண்டும், லேப் வேண்டும், டீச்சர் வேண்டும், ஆனால் இவை வந்து சேரும்வரை வகுப்பை மூடக் கூடாது, சின்னத் தீவுகளுக்குக் கூடுதல் காலம் வேண்டும். மொத்தம் இரண்டு பக்கம். ஏழு மாதம் தூக்கம் கெட்ட விஷயம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

முடிக்கும்போது வாசலில் தாதா நின்றார். வேட்டியெல்லாம் ஜெட்டித் தண்ணீர் தெறித்திருந்தது.

"எல்லார் முன்னாலயும் என்னை மாட்டி விட்டீங்களே, ஜி," என்றார்.

"நான்தான் மாட்டினேன், தாதா. உங்க பேரைச் சொல்லலையே."

"அதான் எனக்கு இன்னும் கஷ்டமாப் போச்சு."

பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு டீச்சரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பேனாவைக் கையில் எடுத்தார், வைத்தார். எழுந்து போய் சிங்க்கில் கை கழுவினார். என் மனைவி துண்டை நீட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். அக்கா மறுநாள் காலை ஜெட்டியில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக் கையெழுத்துப் போட்டார். காகித ஓரத்தில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டதை டீச்சர் நகத்தால் எடுத்தார்.

கடிதம் போனது. கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் வந்தது. கருத்து அனுப்பக் கடைசித் தேதி முன்பே முடிந்துவிட்டது, இருந்தாலும் கோப்பில் சேர்த்திருக்கிறோம் என்று பிறகு ஃபோனில் சொன்னார்கள். தேதி முடிந்துவிட்டது என்ற வார்த்தை என்னை நிறைய நாள் குத்தியது. சட்டம் இன்னும் வரவில்லை. எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒவ்வொரு இடத்திலும் அடுத்த இடத்தைச் சொல்கிறார்கள். யாருடைய பீரோவிலோ இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அவரை என்னால் திட்ட முடியவில்லை.

ஆனால் சயின்ஸ் வகுப்பை மூடவில்லை. மறு வருஷம் ஒரு ஃபிசிக்ஸ் டீச்சர் வந்தார். எங்கள் கடிதத்தால் வந்தாரா, தானாக வந்தாரா என்று தெரியாது. அவர் வந்து இறங்கிய பிறகு, தன் முயற்சியால்தான் வந்தார் என்று பெரிய தலைவரின் ஆட்கள் ஜெட்டியில் பேனர் கட்டினார்கள். அந்தப் பெண்ணின் மகள் எங்கள் பள்ளியிலேயே பன்னிரண்டாவது முடித்துவிட்டு, இப்போது போர்ட் பிளேரில் நர்ஸிங் படிக்கிறாள்.

அடுத்த தேர்தலில் எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மேடையில் வாய் தவறுகிற ஆள் என்று கட்சியில் பெயராகிவிட்டது. சுயேச்சையாக நின்றேன், தோற்றேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ரிசல்ட் வந்த அன்று மத்தியானமே கடையை மூடிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டேன். பள்ளி விட்டு வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, புடவைகூட மாற்றாமல், "வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்," என்றாள்.

கடற்கரையோரமாக நடந்தோம். வழியில் பார்த்தவர்கள் பழக்கத்தில் மெம்பர்ஜி என்றார்கள், பிறகு அவர்களே சங்கடப்பட்டார்கள். தண்ணீர் இறங்கியிருந்தது. ஒரு சாய்ந்த மரத்தில் உட்கார்ந்தோம். பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்துப் பாதியை என் கையில் கொட்டினாள்.

"அஞ்சு வருஷமா நம்ம வீட்டு வாசல்ல எப்பவும் யாராவது உக்காந்திருப்பாங்க," என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னா அவங்க போற வரைக்கும் காத்திருப்பேன். அதுக்குள்ள என்ன சொல்ல வந்தேன்னே மறந்துடும்."

"அப்படி என்ன சொல்ல வேண்டியிருந்துச்சு?"

அவள் யோசித்தாள். பிறகு, புது ஃபிசிக்ஸ் டீச்சர் வகுப்பில் ஊசலாட்டத்தைக் காட்ட பூட்டை நூலில் கட்டியதையும், நூல் அறுந்து பூட்டு அவர் கால் விரலில் விழுந்ததையும், அவர் நொண்டிக்கொண்டே பாடத்தை முடித்ததையும் சொல்ல ஆரம்பித்தாள். கடலை தீர்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். தீர்ந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை.